வாத்துக்குப் பின்னால் ஒரு மந்தை

1870 நவம்பர் 9
இன்றும் கேலிப்படத்தில் பேரரசர்தான். பதவி பறிபோனதிலிருந்து பன்றியாக, கழுகாக, கிழட்டு வாத்தாக அவரை எப்படி அச்சடித்தாலும் பாரிஸ் சலிக்காமல் வாங்குகிறது. அச்சகத்தில் நாங்கள் நான்கு பெண்கள் வண்ணம் பூசுகிறோம். வாத்துக்கு மஞ்சள் அலகு என் வேலை. சிரித்துக்கொண்டே பூசினேன். நகரைச் சுற்றிலும் பிரஷ்யப் படை, வீட்டில் விறகில்லை. சிரிக்க இதாவது இருக்கிறதே.

செடான் போரில் பேரரசர் சரணடைந்த அன்று என் கணவர் எவரிஸ்த்தும் பிடிபட்டார். அவ்வளவுதான் தெரியும்.

நவம்பர் 21
கடிதம் இல்லை.

டிசம்பர் 3
புதுப் படம். வாத்து எதிரியிடம் வாளை ஒப்படைக்கிறது. பின்னால் ஒரு செம்மறி மந்தை. எல்லா ஆட்டுக்கும் நம் சிப்பாய்களின் சிவப்புக் காற்சட்டை.

முதலாளி போத்ரூவிடம் கேட்டேன். "ஆடுங்களை எடுத்துட முடியாதா?"

"எடுத்துட்டா சிரிப்பு எங்கம்மா இருக்கு?"

"என் வீட்டுக்காரரும் அங்கதான் இருந்தாரு."

அவர் அடுத்த தாளை என் முன் வைத்தார். பிறகு, "வேண்டாம்னா போ. உன் இடத்துக்கு வாசல்ல ஆள் நிக்குது."

குதிரை இறைச்சி அவர் தயவில்தான் கிடைக்கிறது. மகள் லெயோனிக்கு மூன்று வயது. நான் என்ன செய்ய? உட்கார்ந்தேன். பூசினேன்.

டிசம்பர் 18
ரொட்டி வரிசையில் மீன் விற்ற பெர்த் கேட்டாள். "உன் ஆட்டுக்கடா எப்ப வருது? வந்தா சொல்லு, கறிக்குப் பஞ்சமா இருக்கு."

வரிசையே சிரித்தது. சண்டை போட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

1871 ஜனவரி 7
குண்டு விழுகிறது. லெயோனிக்குக் காய்ச்சல் — உடம்பு அனலாய்க் கொதிக்குது. அவர் இருக்காரா, செத்துட்டாரா? யாராவது சொல்லித் தொலைங்களேன். செத்தவரைத்தான் தினமும் ஆடாக்கிட்டு இருக்கேனா?

ஜனவரி 29
நகரமும் பணிந்துவிட்டது. வரிசையில் பெர்த் அழுதாள். யாரும் யாரையும் ஆடு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 10
வெள்ளை ரொட்டி. லெயோனி எழுந்து உட்கார்ந்து தின்றாள்.

மார்ச் 14
எவரிஸ்த் வந்துவிட்டார். வாசலில் நின்றவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. லெயோனி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். வரும் வழியில் கடைச் சன்னலில் அந்தப் படத்தைப் பார்த்தாராம்.

"எல்லாரும் நல்லா சிரிச்சாங்க."

"நீங்க அதுல இல்ல."

"இருந்தேன், ஹொனோரின்."

சூப்பைக் கடைசிச் சொட்டுவரை வழித்துக் குடித்தார். பிறகு மெல்லக் கேட்டார். "எங்க போனாலும் வேலை இல்லங்கிறாங்க. உங்க முதலாளிகிட்ட எனக்கும் ஒரு தூரிகை கேட்டுப் பாரேன்."

மார்ச் 17
எவரிஸ்த் எனக்கு அடுத்த மேசை. இந்த வாரம் புது மந்திரிகள், தவளைகளாக. பச்சையை ரொம்பக் கெட்டியாகப் பூசுகிறார். போத்ரூ பார்த்துவிட்டு அந்தத் தாளையும் விற்பனைக் கட்டில் சேர்த்தார்.