நிரந்தரம் என்று நான் கேட்டது

நன்னிலம்,
மாசி 14

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பி இனியவனும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், மும்பையில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சம்பா அறுவடை முடிந்தது. மெஷினுக்கு ஆறு நாள் காத்திருந்ததில் ஒரு மழை பிடித்து நெல் ஈரமாகிவிட்டது, ரோட்டில் கொட்டிக் காயவைத்து ஒருவழியாகக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது, ஆடு மாடு இறங்காமல் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்க்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இனியவனுக்கு அடுத்த மாதம் பரீட்சை, கையில் எந்நேரமும் செல்போன், நீ சொன்னால் கேட்பான். எழுத வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நீ போனில் அழுதாய். சிங்கப்பூர் ஆபீஸுக்கு உன்னை அனுப்பாமல், உன்னோடு வேலைக்குச் சேர்ந்த சதீஷை அனுப்புகிறார்கள் என்று சொல்லி, "நான் எதுலப்பா கொறஞ்சு போனேன், என்ன தப்பு பண்ணேன்"னு கேட்டாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை கயலு. செய்தது நான்.

பொங்கலுக்கு வந்தபோது இனியவன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து உன் வேலையை எனக்கு விளக்கிச் சொன்னாயே. பிரைவேட் ஈக்விட்டி என்பது இன்னமும் எனக்கு வாயில் நுழையவில்லை. கம்பெனிகளை வாங்கி, ஐந்தாறு வருஷம் சீர்பண்ணி, நல்ல விலைக்கு விற்பது என்றாய். இளைத்த மாட்டை வாங்கித் தேற்றிச் சந்தையில் விற்கிற மாதிரியா என்று நான் கேட்டதற்கு, கிட்டத்தட்ட அதுதான் என்று சிரித்தாய். இந்த வருஷம் சிங்கப்பூர், அதற்கப்புறம் இன்ன பதவி, நாற்பது வயதில் கம்பெனியில் பங்குதாரர் என்று வரிசையாக எழுதிக் காட்டினாய். அங்கே மேலே ஏறுகிறவரைத்தான் வைத்துக்கொள்வார்கள், ஏறாதவர் தானாக வெளியே போகவேண்டியதுதான் என்றும் சொன்னாய். கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் அப்பாவோ மாமாவோ வழி காட்ட இருக்கிறார்கள், நான்தான் தட்டித் தடவிப் போகிறேன் என்று நீ சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

தை கடைசியில் கும்பகோணம் பக்கம் கம்பெனிக்கு வாங்கலாமா என்று ஒரு ரைஸ்மில்லைப் பார்க்க வந்தபோது உன் மேலதிகாரி வைத்தியலிங்கம் சாரை வீட்டுக்கு அழைத்து வந்தாய் அல்லவா. அம்மா சுரைக்காய்க் கூட்டும் வத்தக்குழம்பும் வைத்தாள், அவரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உனக்குப் போன் வந்து, சிக்னல் தேடி வாய்க்கால் பக்கம் போய்விட்டாய். அப்போது அவர் என்னிடம், "கயல் சிங்கப்பூர் போனா அஞ்சாறு வருஷம் அங்கேயே இருக்கவேண்டி வரும், வீட்ல உங்களுக்குச் சம்மதமா"ன்னு தன்மையாகத்தான் கேட்டார். நான் எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று, என் அப்பா மிராசுதார் முன்னால் நின்ற பழக்கம். "அதெல்லாம் வேண்டாங்க, எம்பொண்ணு பெரிய ஆசையெல்லாம் படாதுங்க, இருக்குற எடத்துலயே நிரந்தரம் பண்ணிவிட்டீங்கன்னா போதுங்க, எங்கயும் போகாது"ன்னு சொல்லிவிட்டேன். அவர், அப்படியா, சரி என்றார்.

பத்தொன்பது வருஷம் மில்லில் சீசன் ஆளாக மூட்டை தூக்கியவன் நான். ஒவ்வொரு சீசன் முடியும்போதும் அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்று மேஸ்திரி முன்னால் போய் நிற்பேன். எனக்குத் தெரிந்து ஒரு மனுஷனுக்கு வேலையில் கிடைக்கக்கூடிய பெரிய வரம் நிரந்தரம்தான். உங்கள் ஆபீஸில் ஏறாதவரை வைத்திருக்க மாட்டார்கள் என்று நீ சொன்னது அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை.

நீ அழுத மறுநாள் சார் கொடுத்துவிட்டுப் போன கார்டைப் பார்த்து அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். கயல்விழி அப்பா, கயல்விழி அப்பா என்று நாலு தடவை சொன்னேன், பாட்டுப் போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவேயில்லை. பிறகு நம் கடைத்தெரு முகம்மது யூசுப் பாயிடம் போய், சிங்கப்பூரில் இருந்தவராயிற்றே, எனக்காக இங்கிலீஷில் பேசுங்கள் என்று கேட்டேன். "நீ பேசுனதே தாங்கல, இதுல நான் வேற பேசணுமா, மொதல்ல புள்ளகிட்ட சொல்லுய்யா"ன்னு விரட்டினார். சதீஷின் அப்பா ஆடிட்டர் என்று சொல்லியிருக்கிறாய். யாரிடம் என்ன பேசவேண்டும் என்று அவருக்குத் தெரியும். உன்னைப் பற்றிப் பேச எனக்கு ஆயுசில் ஒரே ஒரு தடவை வாய்த்தது, அதையும் கெடுத்துக்கொண்டேன். என்ன செய்து இதைத் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவிடம் சொன்னேன், அவள் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

கயலு, மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை என்று எழுதினேனே, அது பொய். எல்லாம் நினைவிருந்தது. உன் தாளில் நாற்பது வயது வரைக்கும் எழுதியிருந்தாய், நீ ரயிலேறிய பிறகு அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி வருகிற வருஷம் எது என்று தேடினேன். எங்கேயும் இல்லை. சார் கேட்டபோது அதுதான் என் மனசில் இருந்தது.

அதனால் நீ சாரிடம் நேரில் போய்ச் சொல். அப்பா படிக்காதவர், விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லாதே. தெரிந்துதான் சொன்னார், மகள் வராமலே போய்விடுவாளோ என்ற பயத்தில் சொன்னார், அது அவர் வார்த்தை, என் வார்த்தை இல்லை என்று சொல். அதனால் ஏதும் மாறுமா என்று எனக்குத் தெரியாது. இது போனால் வேறு வழி இருக்கிறதா, நீ யாரைக் கேட்க வேண்டும், ஒன்றும் எனக்குத் தெரியாது.

நீ நினைத்த உயரத்தை நீ எட்டவேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். அது மட்டும் மனசாரச் சொல்ல முடிகிறது. காலையில் வெறும் காபியோடு ஆபீஸ் போகாதே. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவோடு பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
இளையபெருமாள்