பின்சீட் இல்லாத வண்டி

இராயபுரம்
9 மே 1934

அன்புள்ள மகள் டோரதிக்கு அப்பா ராசையா எழுதுவது. மாதா தயவில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலிகூட வெயில் வந்ததும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மானந்தவாடிக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது, நோயாளிகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி உன்னைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறாய்.

நீ பார்சலில் அனுப்பிய ஆஸ்பத்திரி மோட்டார் சைக்கிள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. மலைப்பாதையில் நாற்பது மைல் போய்வரும்படி சக்கரமும் டயரும் சீட்டும் மாற்றி மழைக்கு முன் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் மாதம் முழுக்க அதைக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடியே வைத்திருந்தேன். பொம்பளப் புள்ள இதும்மேல குந்திகினு காட்ல போவுமா, ஊரு இன்னா சொல்லும், என்று அம்மா தினமும் கேட்டாள். எனக்கு ஊரைப் பற்றிக் கவலையில்லை, நீ விழுந்தால் தூக்க ஆளில்லையே என்ற பயம்தான். ஆனால் போன மழையில் மாட்டுவண்டியில் நீ பிரசவம் பார்க்கப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இறந்துபோனாள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். மறுநாள் நான் சாக்கை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை.

சக்கர வேலையை வண்ணாரப்பேட்டையில் சக்கரம் கட்டுகிற ரஷீதிடம் கொடுத்தேன். பழைய விளிம்பைக் கழற்றிவிட்டு வேறு விளிம்பும் தடித்த கம்பிகளும் போட்டு அகலமான டயர் மாட்டினார், அது மட்காடில் உரசவே மட்காடை இரண்டு விரல் உயர்த்தினோம். பிறகு எண்ணூர் மணலில் ஓட்டிப் பார்த்தோம். நான் கெட்டியாக இருக்கட்டும் என்று காற்றை முட்ட முட்ட அடித்து வைத்திருந்தேன், சக்கரம் புதைந்து இரண்டு பேரும் உருண்டோம். ரஷீது லுங்கியை உதறிக்கொண்டு எழுந்து, இன்னா மாமு, காத்து அட்ச்சியா, கல்ல ரொப்பினியா, என்று திட்டினார். கொஞ்சம் காற்றை இறக்கியதும் வண்டி சுலபமாக ஏறிவிட்டது. நீயும் சேற்றிலும் மணலிலும் காற்றை இறக்கிக்கொள், கல்பாதை வந்ததும் மறக்காமல் அடித்துக்கொள், பம்பை சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறேன். புடவை சிக்காதபடி சங்கிலிக்குத் தகர மூடியும் போட்டிருக்கிறேன்.

சீட் என் கை வேலை. முப்பது வருஷம் ரயில் பெட்டிக்கு சீட் தைத்தவனுக்கு இது என்ன பெரிசு என்று நினைத்தேன், அங்கேதான் தவறினேன். சுருள் கம்பி வைத்து, தேங்காய் நார் அடைத்து, மேலே தோல் போட்டு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சீட் தைத்தேன். நீயும் அம்மாவும் ஒரே உயரம் என்பதால் அளவு பார்க்க அவளை ஏறி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றவள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, புடவையை இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினாள். கால் தரையில் எட்டவில்லை, இரண்டு அங்குலம் இறக்கினேன். மறுபடி ஏறிப் பார்த்தவள், அளவு சரியான பிறகும் இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி கொல்லைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி, பின்னால கீறது யாருக்கு என்று கேட்டாள். துணைக்கு வருகிறவருக்கு, நாளைக்கு மாப்பிள்ளை வந்தால் அவருக்கு, என்று இழுத்தேன். தொணைக்கு ஆளு வர்ற வரிக்கும் அந்தப் பொம்பள வலிய அடக்கிகினு இருப்பாளா, அத்த கயட்டிட்டு மருந்துப் பொட்டி வெக்கிற மாதிரி பண்ணு, என்றாள்.

கழற்றிவிட்டேன். உன்னைத் தனியாக அனுப்ப மனசு வராமல்தான் அந்த சீட்டைத் தைத்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதில் போட்டிருந்த தோலைப் பிரித்து மருந்துப் பெட்டிக்கு உறை தைத்திருக்கிறேன், மழையில் நனையாது. நேற்று சென்ட்ரலில் வண்டியைக் கள்ளிக்கோட்டைக்கு ஏற்றினோம், அங்கிருந்து லாரியில் வரும். இத ஓட்றது யாரு என்று பார்சல் குமாஸ்தா கேட்டார். ஆஸ்பத்திரி வண்டி என்று நான் முணுமுணுத்தேன். என் பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்து, எம் பொண்ணு ஓட்டும், என்றாள்.

மாதா உன்னை வழியெல்லாம் காப்பாற்றட்டும், உன் கை பட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். முதல் ஐம்பது மைல் ஓடியதும் சக்கரக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து இறுக்கிக்கொள். விழுந்தால் மறைக்காமல் எழுது, அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவள்தான் எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தாலும் இருக்கும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ராசையா
அம்மா தங்கபுஷ்பத்தின் முத்தங்களும்