ஊருக்குக் குடலிறக்கம்

5.2.2024, திங்கள்

மூத்திர டியூப்பைக் கழற்றிவிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் "இனிமே நீங்க ஃப்ரீ அங்கிள்" என்று சிரித்தாள். ஃப்ரீயாம்! கார் நிலக்கோட்டை தாண்டுவதற்குள் வேட்டி வரைக்கும் நனைந்துவிட்டது.

திண்டுக்கல் டிப்போவில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் மூத்திரத்தை அடக்கிக்கொண்டே டிக்கெட் கிழித்தவன் நான். இப்போது தும்மினால் போகிறது. எழுந்தால் போகிறது. இடுப்புக்குக் கீழே உள்ள தசையை இறுக்கி இறுக்கி விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சில மாதத்தில் கட்டுக்குள் வந்துவிடுமாம். "பயப்பட ஒண்ணுமில்ல ஆவுடையப்பன்" என்றார். அப்புறம் வாசல் வரை வந்து, மறுபடியும் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

ஊரில் கேட்டால் குடலிறக்கம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஜோதிமணியிடம் சத்தியம் வாங்கிவிட்டேன், மகள் ஜீவிதாவின் தலையில் கை வைக்கச் சொல்லி. அதற்குப் பிறகு எந்தத் தாயும் வாயைத் திறக்க மாட்டாள். புரோஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள், அதுவும் கேன்சருக்காக என்று தெரிந்தால் சேவுகம்பட்டி டீக்கடையில் என்ன பேசுவான்கள் என்று எனக்குத் தெரியாதா? "அண்ணனுக்கு அதோட சோலி முடிஞ்சுச்சாம்ல" என்பான்கள். தம்பி கமலக்கண்ணனுக்கும் தெரியக்கூடாது. அவனுக்குத் தெரிந்தால் அவன் பெண்டாட்டி நாகஜோதிக்குத் தெரியும். நாகஜோதிக்குத் தெரிந்த பிறகு மைக் செட் எதற்கு?

7.2.2024, புதன்

நனைந்த பேடுகளை ஜோதிமணி காகிதத்தில் சுருட்டிக்கொண்டு போகிறாள். எங்கே போடுகிறாய் என்றேன். "குழி வெட்டிப் பொதைக்கிறேன், போதுமா?" என்றாள். நாய் தோண்டினால்?

9.2.2024, வெள்ளி

தம்பி பார்க்க வந்தான். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "என்னண்ணே, குடலிறக்கத்துக்கு இம்புட்டு நாளா படுப்பாக?" என்றான். சாதாரணமாகக் கேட்டானா, தூண்டில் போட்டானா? முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தான். காபி வருவதற்குள் "செத்த இருங்கண்ணே" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே வரப்பில் ஒரு தென்னை நிற்கிறது. அதன் பக்கத்தில்தான் எல்லைக்கல். அங்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். ஒரு மனுஷன் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் என்ன பார்ப்பான்?

திரும்பி வந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. குடிக்கவும் இல்லை. "தண்ணி காபி எதுவும் வேணாம்ணே" என்றான். என் வீட்டில் தண்ணீர்கூட வேண்டாமாம். அப்படி என்ன மனசில் வைத்திருக்கிறான்?

12.2.2024, திங்கள்

சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தார்கள். எல்லோரும் கட்டிலைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். நாற்றம் தெரிகிறதோ? ஜோதிமணி ஊதுபத்தி கொளுத்தினாள். அவளுக்கு அறிவிருக்கிறதா? பட்டப்பகலில் நோயாளி அறையில் ஊதுபத்தி எதற்கு என்று யாருக்கும் தோன்றாதா?

பேடு வாங்க அவள் திண்டுக்கல் போய், பேகம்பூரில் நம்மைத் தெரியாத மெடிக்கலாகப் பார்த்து வாங்கி வருகிறாள். வத்தலக்குண்டில் வாங்கவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பை நிறைய வாங்கி வந்தாள். இன்னும் அம்புட்டு நாளைக்கு இதுதானா? டாக்டர் அவளிடம் தனியாக ஏதும் சொன்னாரா?

14.2.2024, புதன்

விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சத்தம்.

கிணறு எனக்கும் தம்பிக்கும் பொது. அப்பா வைத்த முறை: திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது, கிணறு ஊறட்டும் என்பார். இன்று புதன். என் முறை. மோட்டாரைப் போட்டது யார்?

ஜோதிமணியை எழுப்பினேன். "கொழுந்தனாருதான் போட்டிருப்பாக. நம்ம மல்லிப்பூச் செடிக்குத்தான் பாயும், பேசாமப் படுங்க" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தாளா? என்னால் கொல்லைப்படி இறங்க முடியாது என்று தெரிந்துகொண்டு என் நாளில் மோட்டாரைப் போடுகிறான். இன்றைக்குத் தண்ணீர். நாளைக்கு வரப்பு. எல்லைக்கல்லை எதற்குப் பார்த்தான் என்று இப்போதல்லவா விளங்குகிறது!

டிக்கெட் எடுக்காதவனை அவன் நிற்கிற நிற்பிலேயே கண்டுபிடிக்கிறவன் நான். கூடப்பிறந்தவனைக் கண்டுபிடிக்க மாட்டேனா?

16.2.2024, வெள்ளி

இன்றும் என் முறை. இன்றும் இருட்டோடு மோட்டார்.

19.2.2024, திங்கள்

தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது.

அடுப்படியில் ஜோதிமணியும் நாகஜோதியும் குசுகுசுவென்று பேசினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடை வரைக்கும் போய் நின்றேன்.

"ராத்திரி எத்தன தடவ?" இது ஜோதிமணி.

"அது கணக்கு வழக்கில்லக்கா. தூக்கமே இல்ல. வெளிய சொல்லவும் வெக்கப்படுறாக." இது நாகஜோதி.

நான் நிற்பதைப் பார்த்ததும் ஜோதிமணி "வெஞ்சனத்துக்கு என்னடி வைக்க, கத்திரிக்காயா, அவரக்காயா?" என்று பேச்சை மாற்றினாள். வெஞ்சனமாம்!

என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். நான் எத்தனை தடவை நனைக்கிறேன் என்பது நாகஜோதிக்குத் தெரிகிறது. பெற்ற மகள் தலையில் அடித்த சத்தியம், அடுப்படியில் அவரைக்காயோடு போயிற்று.

20.2.2024, செவ்வாய்

பெரிய சண்டை. அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன், சொல்லிட்டேல்ல, என் மானத்த வித்துட்டேல்ல என்று. அவள் அழவில்லை. முறைத்தாள். "ஒரு வார்த்த நான் சொல்லல. எம்புள்ள தலையில கைய வைக்கச் சொல்லி வாயத் தச்சுட்டீக. நீங்களாவது சொல்லுங்க. டாக்டரு அன்னைக்குக் கெளம்பையில ஒண்ணு சொன்னாரே, ஞாபகம் இருக்கா இல்லையா?"

அந்த டாக்டர் பேச்சையே எடுக்காதே என்று கத்தினேன். கத்தியதில் பேடு நனைந்தது. சண்டை போடக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டேன்.

ஆபரேஷனிலிருந்து அவள் நடையில்தான் பாய் போட்டுப் படுக்கிறாள். தையல் இருக்கிறது, கை கால் பட்டுவிடும் என்கிறாள். தையல் காய்ந்து எவ்வளவு நாளாகிறது! அந்த விஷயம் இனிமேல் வருமா வராதா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அதனால்தான் தள்ளிப் படுக்கிறாளோ? கேட்கப் பயமாக இருக்கிறது.

23.2.2024, வெள்ளி

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று என் முறை. இருட்டோடு மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்தேன். இரண்டு பேடு வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு, ஜோதிமணியைத் தாண்டிக் கொல்லைப்படி இறங்கினேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று போனேன். போகும் வழியெல்லாம் அவனை என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தண்ணீர் என் மல்லிக்குத்தான் பாய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பாத்தி வரைக்கும் நிறைந்திருந்தது. செடிக்கு மண் அணைத்திருக்கிறான். களை எடுத்திருக்கிறான். அவன் வயல் அந்தப் பக்கம் காய்ந்து கிடந்தது.

அவன் மம்பட்டியைப் போட்டுவிட்டுத் தென்னைக்குப் போனான். நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒரு கையை மரத்தில் ஊன்றினான். தலையைக் குனிந்தான். காத்திருந்தான். கால் மாற்றினான். இன்னும் காத்திருந்தான். சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம். அப்புறம் வேட்டியை இறக்கிவிட்டு இரண்டு பாத்தி தள்ளி வந்தவன், நின்று, திரும்பவும் மரத்துக்கே போனான்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். போன வருஷம் முழுக்க அதே மரத்தில் அதே மாதிரி கையை ஊன்றி நின்றவன் நான்.

எல்லைக்கல்லைப் பார்க்கவில்லை அவன். மூத்திரம் வராமல் நின்றிருக்கிறான். குடித்தால் மறுபடியும் போய் நிற்க வேண்டுமே என்று பயந்துதான் என் வீட்டில் காபி வேண்டாம் என்றிருக்கிறான். தூங்க முடியாதவன் இருட்டில் எழுந்து வந்து என் செடிக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறான். அடுப்படியில் நாகஜோதி சொன்னது அவள் புருஷனைப் பற்றி. அட கிறுக்குப் பயலே ஆவுடையப்பா!

டாக்டர் கிளம்பும்போது சொன்னது இதுதான்: "கூடப் பொறந்தவங்க இருந்தா உடனே ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. இது குடும்பத்துல வரக்கூடியது. எங்கிட்ட லேட்டா வந்தாத்தான் பயம்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்த அன்றைக்கே தம்பிக்குத் தெரியக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

24.2.2024, சனி

சொல்லவில்லை. காலையில் வந்தான், போனான். வாய் வரவில்லை.

சொன்னால் ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தம்பி செத்துப்போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீச்சீ.

25.2.2024, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆள் விட்டுக் கூப்பிட்டேன். நாகஜோதியும் கூட வந்தாள். அவன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டேன். "ஏலே கமலா, எத்தன நாளா ஒனக்கு ஒண்ணுக்கு வரல?"

முகம் கறுத்துப்போயிற்று. நாகஜோதியை முறைத்தான். "அவ ஒண்ணும் சொல்லல. நாந்தான் பாத்தேன்" என்றேன்.

"சுகரா இருக்கும்ணே. இல்லாட்டி சூடு. எளநி குடிச்சாச் சரியாப் போகும்."

"நானும் எளநிதான்டா குடிச்சேன். ஒரு வருசம் குடிச்சேன். எனக்குக் குடலிறக்கம் இல்லடா. புரோஸ்டேட்ல கேன்சரு. எடுத்துட்டாக. இப்ப எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது, ஒனக்கு வர மாட்டேங்குது."

நாகஜோதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தம்பி எழுந்துவிட்டான். "எங்கிட்டயா மறச்ச? கூடப் பொறந்தவன்ட்டயா? கல்லு மாதிரி நெதம் வந்து ஒக்காந்திருந்தேனே, நீ பாட்டுக்குக் குடலிறக்கம்ங்குற!" கோபத்தில் என்னை 'நீ' என்றான். சின்ன வயசுக்கு அப்புறம் இப்போதுதான். "கேன்சருன்னு ஊருக்குள்ள பேச்சு அடிபடுதுண்ணே. எங்கண்ணனுக்கு இருந்தா எங்கிட்டச் சொல்லாம இருப்பாரான்னு நாந்தான் அவனுகளோட சண்ட போட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. அடக்கவில்லை. எதைத்தான் அடக்க முடிகிறது என்னால்?

ஜோதிமணி அவ்வளவு நேரமும் கதவோரம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். "என்னங்க, சத்தியத்த எடுத்துட்டீகளா?" என்றாள். எடுத்துட்டேன் என்றேன். "வாயால சொல்லுங்க. எம்புள்ள தல மேல இருந்த சத்தியத்த எடுத்துட்டேன்னு சொல்லுங்க." சொன்னேன். அடுத்த நொடி மடை திறந்தது. டாக்டர் சொன்னது, ரத்தம் எங்கே எடுப்பது, என்ன பெயர் சொல்லி எடுப்பது, என்றைக்குப் போவது எல்லாம் கடகடவென்று தம்பியிடம் ஒப்பித்தாள். இத்தனை நாளும் எப்படி வைத்திருந்தாளோ! அதற்காகத்தான் நாகஜோதியிடம் ராத்திரி எத்தனை தடவை என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாள்.

4.3.2024, திங்கள்

திண்டுக்கல்லில் தம்பிக்கு ரத்தம் கொடுத்தோம். லேப் பெண் குழாயில் பெயர் ஒட்டினாளா என்று நின்று பார்த்தேன். "ஒட்டிட்டேன் ஐயா" என்றாள். காட்டச் சொன்னேன்.

8.3.2024, வெள்ளி

டெஸ்டில் தம்பிக்கு அளவு கூடுதலாக இருக்கிறதாம். எதிர்பார்த்ததுதான். மதுரை டாக்டருக்கு நானே போன் போட்டு நாள் வாங்கினேன்.

18.3.2024, திங்கள்

மதுரை டாக்டர் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "வலிக்குமாண்ணே, அந்த ஆபரேசன்?" என்றான். வலிக்காது, வெட்கமாக இருக்கும் என்றேன்.

ஜோதிமணி நேற்று பாயைச் சுருட்டிவிட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டாள். ஏன் இத்தனை நாள் தள்ளிப் படுத்தாய் என்று கேட்டேன். "நீங்க நனைஞ்சு எந்திரிக்கையில நான் முழிச்சுப் பாத்தா உங்களுக்குக் கூசும்ல" என்றாள். கேட்டதற்கு வேறு ஏதோ சொல்லி மழுப்புகிறாளோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். இல்லை.

29.3.2024, வெள்ளி

தம்பிக்கும் கேன்சர்தான். வெளியே பரவவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். ஒரே தடவைதான் சொன்னார். நம்புகிறேன்.

16.5.2024, வியாழன்

நேற்று மதுரையில் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் என்னைப் பார்த்து முனகினான். "அண்ணே, நாளைக்கு வியாழக்கெழமை. என் முற." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாகஜோதிக்குத் துணையாக ஜோதிமணியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ஒரு பேடுதான். அதுவும் சந்தேகத்துக்கு.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நம்ம ஊர்ப் பொன்னழகு கேட்டான். "கமலக்கண்ணனுக்கும் குடலிறக்கமாண்ணே?" பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸுக்குள் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள்.

"இல்லப்பா. புரோஸ்டேட்ல கேன்சரு. எனக்கும் அதான். எடுத்துட்டாக. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றேன், பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற சத்தத்தில்.

சிரிக்கட்டும் என்று நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தேன்.

மோட்டாரைப் போட்டு, வாய்க்காலைத் தம்பி வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். பொன்னழகு. டீக்கடையிலிருந்து பின்னாலேயே வந்திருக்கிறான். சுற்றும் முற்றும் பார்த்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் திரும்பத் தோளிலேயே போட்டான்.

"அண்ணே, ராத்திரி எத்தன தடவ எந்திரிச்சா டாக்டரப் பாக்கணும்?"

மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, தென்னை நிழலில் அவனுக்கு இடம் காட்டி உட்காரச் சொன்னேன்.