கோல் போஸ்டுக்குப் பின்னால் என் ஜல்லி

6-1-2025, திங்கள்

கடையில் ஈ ஓட்டினேன். பொங்கலுக்கு முந்தின வாரத்தில் எவன் வீடு கட்டுவான். மதியம் ஃபிரெடி வந்தான். எங்கள் ஃபுட்பால் கிளப் செயலாளர், வாரநாளில் ஐ.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமை கோச். கிளப்புக்கு இது ஐம்பதாவது வருடம், மலர் போடுகிறார்களாம். "தலைவர் நீங்கதான் சார், ஹிஸ்டரிய நீங்களே எழுதுங்க." எனக்கு சிமெண்ட் தெரியும், கம்பி தெரியும். ஹிஸ்டரி? முதல் நாளிலிருந்து என்னோடு ஆடிய லாசரஸுக்கு என்னைவிட அதிகம் தெரியும், ஆனால் அவன் பேனாவைப் பிடித்தால் தூங்கிவிடுவான். சரி என்றேன்.

ஒரு மனுவிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கிரவுண்டில் குப்பை தரம் பிரிக்கும் ஷெட் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. அது வருவதற்குள் இடத்தை ரெக்கார்டில் விளையாட்டுத் திடல் என்று மாற்றிக் கேட்கும் மனு.

12-1-2025, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். 1975. பம்மல் தோல் ஷெட்டில் வேலை பார்த்த லாசரஸின் அப்பா, மிஞ்சின தோலைத் தைத்து ஒரு பந்து கொண்டுவந்தார். நனைந்தால் கருங்கல் கனம். தலையால் முட்டினவன் அன்றைக்குச் சாப்பிடமாட்டான். ஆடிய இடம் ஊர்க் களம் — நெல் அடிக்கிற புறம்போக்கு. அறுப்பு நேரத்தில் ஆட்டம் கிடையாது. லாசரஸ் மாதிரி காலனிக்காரர்கள் களத்தில் கால் வைக்கவே முதல் இரண்டு வருடம் தகராறு. என் பெரியப்பாவே கம்போடு நின்றார். இதை எழுதலாமா? எழுதாவிட்டால் லாசரஸ் கேட்பான். எழுதிவிட்டேன்.

அப்புறம் வயலெல்லாம் பிளாட் ஆனது. அடிக்க நெல் இல்லை, வருடம் முழுக்க களம் எங்களுக்கு. ஊர்க்காரர்கள் வயலை விற்றதால்தான் எங்களுக்கு கிரவுண்டு. அந்த பிளாட்டில் வீடு கட்ட வந்தவர்களால்தான் என் கடை. இதை மலரில் போட முடியாது. விட்டேன்.

14-1-2025

பொங்கல். முழங்கால் வலி. தூங்கினேன்.

4-2-2025, செவ்வாய்

மனு திரும்பி வந்துவிட்டது. காரணம் நான்.

தெளிவாக எழுதி வைக்கிறேன், எனக்கே குழம்புகிறது. 1999-இல் யாரோ ஒரு கும்பல் ராத்திரியோடு ராத்திரியாகக் களத்தில் கல் நட்டுவிட்டுப் போனது. பிடுங்கிப் போட்டோம். அப்போதைய கிராம அதிகாரி சொன்னார்: "ஆளில்லாத எடம்னா எவனாவது வருவான். உங்கள்ல ஒருத்தர் பேர்ல பி-மெமோ வாங்கி வருஷா வருஷம் கட்டிகினே இருங்க." பி-மெமோ என்றால் புறம்போக்கை ஆக்கிரமித்தவனுக்குப் போடும் அபராதத் தாள். கட்டிய ரசீது கையில் இருந்தால் அந்த இடத்தில் வேறு எவனும் நுழையமாட்டான். கிளப் அப்போது பதிவாகவில்லை. என் பேரைக் கொடுத்தார்கள். ஆக்கிரமித்திருக்கிறேன் என்று காட்ட ஏதாவது கிடக்க வேண்டுமே — வடக்கு கோல் போஸ்டுக்குப் பின்னால் ஜல்லி கொட்டினேன். அதிலிருந்து எங்கள் கிரவுண்டுக்கு மட்டும் ஒரு சட்டம்: பந்து ஜல்லிக்குப் போனால், யார் அடித்திருந்தாலும் கார்னர்.

இருபத்தாறு வருடம் ஒரு வருடம் விடாமல் கட்டினேன். இன்றைக்கு தாலுகா ஆபீஸில் சொல்கிறார்கள்: "இது உங்க ஆக்கிரமிப்பு சார். அது இருக்கிற வரைக்கும் திடல்னு எழுத முடியாது." கிளப்புக்காகக் கட்டினது என்றேன். "கிளப் பேர்ல ஒரு தாளாவது இருக்கா?" இல்லை.

திருடன் வரக்கூடாது என்று நாங்களே ஒரு திருடனை உட்கார வைத்திருக்கிறோம்.

5-2-2025

மகன் தினகரனிடம் சொன்னேன். இப்போது கடையை முக்கால்வாசி அவன்தான் பார்க்கிறான். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்பா, இருபத்தாறு ரசீது இருக்கா? அப்போ வடக்கு மூலைய மட்டும் நாம கேப்போம். கிரவுண்டு அவங்களுக்கு, கொடவுன் நமக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

தப்பாகச் சொல்லவில்லை. அவன் வயதில் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பொய் எழுதி என்ன பயன் — கேட்டவுடன் மனது அந்த மூலையில் ஷட்டர் போட்டுப் பார்த்துவிட்டது.

9-2-2025, ஞாயிறு

காலையில் கிரவுண்டு. லாசரஸ் கோல் போஸ்டில் சாய்ந்து நின்றிருந்தான். நாற்பது வயது வரை அங்கே கோலியாக நின்றவன், இன்னும் பழக்கம் போகவில்லை. விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னா தலைவரே, மூலையில பங்களாவா கொடவுனா?"

"யார் சொன்னது?"

"உன் புள்ள புரோக்கராண்ட பேசிகினு கீறான். ஊரே பேசுது." கொஞ்சம் பொறுத்து, "மச்சான், நீ மூலைய கேட்டேனு வெச்சிக்க, ஃபைல் ரெண்டு வருஷம் தூங்கும். அதுக்குள்ள குப்பை வந்து எறங்கிடும். அப்பால மூலையும் இல்ல, கிரவுண்டும் இல்ல."

"நான் கேட்கறேன்னு சொன்னேனாடா?"

"கேக்கலேன்னும் சொல்லல. ஒரு லோடு ஜல்லி கொட்டுனுதான் சொன்னோம். அது மலை கணக்கா கீது. பன்னெண்டு லோடு இருக்கும்."

"எட்டுதான்."

"எட்டாம்." கீழே துப்பினான். "கிளப்புக்கா கொட்டுன? கடையில எடம் பத்தலன்னு கொட்டுன."

எனக்கு வந்ததே கோபம். யாரு கட்டினா வருஷா வருஷம்? நீ கட்டினியா? உங்க அப்பன் கட்டினாரா? — அவன் அப்பாவை இழுத்திருக்கக் கூடாது. அவன் கோல் போஸ்டை விட்டு நகர்ந்து வீட்டுப் பக்கம் நடந்துவிட்டான். ஐம்பது வருடத்தில் அவன் சண்டையைப் பாதியில் விட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

அவன் சொன்னது சரி. முதல் லோடுதான் கிளப்புக்கு; மிச்சத்தை 2008-இல் கடையில் இடம் போதாமல்தான் கொட்டினேன். பிறகு அங்கிருந்தே லோடு எடுத்து விற்றிருக்கிறேன். பிறகு அது கிளப் ஜல்லியா என் ஜல்லியா என்று நானே கேட்டுக்கொள்ளவில்லை.

13-2-2025

வேலை ஓடவில்லை. என் மனைவி சந்திரிகா நான் தொடாத சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, "வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா மூலைய விட்டுட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு வாங்க. நடுவுல நின்னு என்னை ஏன் சமைக்க வைக்கிறீங்க" என்றாள்.

24-2-2025, திங்கள்

தாலுகா ஆபீஸில் கையெழுத்து போட்டுவிட்டேன். 'மேற்படி களம் புறம்போக்கை நான் என் சொந்த வியாபாரத்துக்காக ஆக்கிரமித்தேன் என ஒப்புக்கொள்கிறேன். அகற்ற ஆட்சேபணை இல்லை.' கிளப் என்ற சொல்லைச் சேர்க்கப் பார்த்தேன். சேர்த்தால் கிளப்பும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுமாம். அடித்துவிட்டேன்.

தினகரன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

6-3-2025, வியாழன்

ஜே.சி.பி. வந்தது. லாரி என்னுடையது. போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் 'களம் புறம்போக்கு ஆக்கிரமிப்பு அகற்றம்', நடுவில் நான், சட்டைப் பையில் பேனாவோடு. என்னிடம் சிமெண்ட் வாங்கும் கோவிலம்பாக்கம் பார்ட்டி ஒருத்தர் போன் போட்டு, "என்ன சார், நீங்களுமா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்க அலுப்பாக இருந்தது.

ஜல்லி போன இடத்தில் புல் இல்லை. வெள்ளையாக, ஒரு பெரிய வட்டம். லாசரஸ் தூரத்தில் நின்று லாரியை எண்ணிக்கொண்டிருந்தான். நானும் எண்ணினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

11-4-2025

ரெக்கார்டில் ஏறிவிட்டது. விளையாட்டுத் திடல். ஃபிரெடி நகல் அனுப்பினான். ஷெட் வேறு எங்கோ போகிறதாம்.

3-5-2025, சனி

ஃபிரெடி மலரின் புரூஃப் கொண்டுவந்தான். நான் எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு பாரா புதிது. லாசரஸ் சொல்லச் சொல்ல இவன் எழுதியதாம். '2025-இல் வடக்கு மூலையிலிருந்த தனியார் ஆக்கிரமிப்பு, எட்டு லோடு ஜல்லி, அகற்றப்பட்டு, திடல் நிரந்தரமாக நம்முடையதானது.'

"பேர் போடல சார்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"போடு. ஆபீஸ் பேப்பர்ல இருக்கு. இங்க மட்டும் இல்லன்னா நாளைக்கு எவனாவது அது வேற ஆள், வேற எடம்னு கேஸ் போடுவான்."

"எட்டு லோடுன்னு லாசரஸ் அண்ணன்தான் சொன்னாரு. நீங்க சொன்ன கணக்கே இருக்கட்டும்னாரு."

பேனாவை வாங்கி, எட்டை அடித்துவிட்டு, அன்றைக்கு லாரியை எண்ணியபடி பதினொன்று என்று எழுதிக் கொடுத்தேன்.