பூட்டு வளையம்

ஜூலை 8, செவ்வாய்

விடியலில் இருந்தே கச்சான் காற்று. முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பு முறிந்து கிடந்தது. மணல் கண்ணில், சோற்றில், எழுதுகிற இந்தக் கொப்பியில்.

இரண்டு பெட்டி வந்து சேர்ந்தது. எனக்கு மூத்த நானா தோஹாவில் இருந்து ஆள் மூலம் அனுப்பியது. போர்வை சுற்றி, அதன்மேல் கயிறு. முதலாவதின் உள்ளே சைக்கிள் பிரேம், முன் சக்கரம் மாட்டும் போர்க்கோடு. அவர் வேலை செய்யும் இரும்புப் பட்டறையில், வேலை முடிந்த பிறகு, தன் கால் நீளத்துக்கு அளந்து, தானே வெட்டி, தானே வெல்டிங் வைத்து ஒட்டியது. எட்டு மாத மாலைகள். ஒட்டிய இடங்களில் விரல் வைத்துப் பார்த்தேன். மீன் செதில் அடுக்கினாற்போல, ஒன்றின்மேல் ஒன்று, ஒரே அளவு. நிறம் பச்சை. வாப்பாவின் வள்ளத்துப் பச்சை.

குரல் பதிவு: "சப்ரி, மத்த சாமானெல்லாம் ரெண்டாவது பெட்டில ஈக்கி. நீ பூட்டி முடிச்சு வை. பதினெட்டு வெள்ளி வாறேன். சனி சுபஹு தொழுதுட்டு ஏறுறேன். வீட்டுலீந்து கற்பிட்டி கோட்டை வரைக்கும். கச்சான் முதுகுல, ஒரே இழுவை. எனக்கு ஏறுற வேல மட்டும்தான், வெளங்கிச்சா?"

விளங்கியது.

இது பிக்ஸி வகைச் சைக்கிள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். சும்மா உருள விடாது. பிறேக் இல்லை. காலால் பின்னுக்குப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். நானா அங்கே வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் ஓடுகிறார். வீடியோ அனுப்புவார், ஹெல்மட் இல்லாமல்.

இருப்பது: ரிம் 2, ஹப் 2, கம்பி 64 (எண்ணினேன், 65), செயின், பெடல், ஹேண்டில், சீட்.
இல்லாதது: கிரீஸ், கொக்கி ஸ்பேனர். சைக்கிள் திருத்தும் ஜவ்பர் காக்காவிடம் கேட்க.

படித்துக் குறித்தது: பின் பற்சக்கரம் வலப்பக்கம் திருப்ப இறுகும். அதற்கு மேல் பூட்டு வளையம். அது இடது மரை, புரி மறுபக்கமாக ஓடும், எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மிதிக்கும்போது எல்லாம் தானாக இறுகும். நிறுத்தப் பார்க்கும்போதுதான் பற்சக்கரம் கழலப் பார்க்கும். அப்போது அதைப் பிடித்து வைப்பது இந்த வளையம் ஒன்றுதான்.

"இடது" என்பதற்கு இரண்டு அடிக்கோடு.


ஜூலை 9, புதன்

காலை ஆலங்குடா, விடுதி வேலை. கடலில் காற்றாடி பிடித்துச் சறுக்க வந்த வெள்ளைக்காரர் ஆறு பேர். அவர்களுக்கு இந்தக் காற்று விருந்து. எனக்குத் தலையிடி.

பி.ப. மதினி வந்து பிரேமைப் பார்த்தார். புருஷன் கைப்பட்ட சாமானை முந்தானையால் ஒரு தரம் துடைத்தார். தூசி ஒன்றும் இருக்கவில்லை.

"பிறேக் எங்க தம்பி?"

"இதுக்கு இல்ல மதினி."

"அப்ப எப்புடி நிப்பாட்டுற?"

"காலால."

"அந்த மனுசனுக்கு வாய நிப்பாட்டவே தெரியாது." பிரேமை மறுபடி துடைத்துக்கொண்டே: "நீங்க பார்த்துப் பூட்டுங்க. படிச்சவரு தானே. நீங்க பூட்டினா நான் பயப்படல்ல."

நானா ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கடலுக்குப் போனவர். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு தோஹா. நான் நான்கு வருடம் கெம்பஸ் படிப்பு. வீட்டில் ஒரு பகிடி உண்டு: சப்ரிக்குப் பேனா மூடியைத் தவிர வேறெதையும் திருகத் தெரியாது. நானாவின் பகிடி. ஒவ்வொரு பெருநாளுக்கும் அதைப் புதிதாகச் சொல்வார்.

இந்தப் பெட்டியை அவர் ஏன் என்னிடம் அனுப்பினார் என்று யோசிக்கிறேன். ஜவ்பரிடமே அனுப்பியிருக்கலாம்.


ஜூலை 11, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு ஜவ்பர் காக்காவின் கொட்டில். படகு எஞ்சினும் சைக்கிளும் திருத்துகிற இடம். கிரீஸும் மீன் வாடையும்.

"வாங்க கெம்பஸ். இன்னைக்கு எந்தப் பாடம்?"

சாமான் எடுத்துத் தந்துவிட்டு, துறையில் யாருடைய எஞ்சினோ நின்றுபோனது என்று இறங்கிப் போனார். நான் தனியே. பின் சக்கரம் மடியில். பற்சக்கரம் வலப்பக்கம், இறுக்கம். நல்லது.

பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வளையத்தைக் கையில் எடுத்தபோது மனதில் ஒரு வாக்கியம் ஓடியது. இந்தக் கொப்பிக்காக. "ஓய்வு இல்லாத சக்கரம்தான் நேர்மையான சக்கரம்." அதைச் செதுக்கிக்கொண்டு இருந்தேன். "நேர்மையான" வேண்டுமா, "உண்மையான" போதுமா. கை அதன் பாட்டில் வலப்பக்கம் திருப்பியது. பிடிக்கவில்லை. மணல் என்று நினைத்தேன். ஊதினேன். அழுத்தித் திருப்பினேன். பிறகு உளி வைத்துச் சுத்தியலால். பதினைந்து இருபது அடி. பிடித்தது. சந்தோஷப்பட்டேன்.

கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளிப் பொடி.

வளையம் இரும்பு, ஹப் அலுமினியம். எது எதைத் தின்னும் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றிச் சரியான பக்கம் பூட்டினேன். ஒன்றரைச் சுற்று பிடித்தது. பிறகு வெறுமனே சுற்றியது.

வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளையம் அதன் இடத்தில், பளபளவென்று.

ஜவ்பர் திரும்பி வந்தார்.

"பூட்டிட்டீங்களா?"

"ஓம்."


ஜூலை 12, சனி

கொழும்பில் ஒரு கடைக்குப் போன். அந்த ஹப் வர மூன்று வாரம். நானாவின் லீவு பன்னிரண்டு நாள்.

ஹப்பை ஒட்ட முடியுமா? அலுமினியம், இங்கே யாரும் ஒட்ட மாட்டார்கள்.
பசை? இரண்டு குழாய் கலந்து பூசுவது. 24 மணித்தியாலம் காய வேண்டும்.

பூசினேன். பல்லுக் குச்சியால், மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும். இந்தப் பொறுமை நேற்று எங்கே போயிருந்தது?


ஜூலை 14, திங்கள்

மு.ப. 6.10. முதல் ஓட்டம். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது.

பின்னுக்குப் பிடித்தேன். நின்றது. மறுபடி. நின்றது. பதினொரு தரம். பசை பிடிக்கிறது.

மதினி வாசலில் நின்று பார்த்தார். உம்மா பாண் வெட்டிக்கொண்டே, "வாப்பாட வள்ளம் மாதிரி ஈக்கி" என்றார். நான் ஒரு நல்ல ஆள் போல இறங்கி வந்தேன்.

நானாவுக்கு வீடியோ. பதில் குரலில்: "மாஷா அல்லாஹ். நான் நெனக்கவே இல்லடா."

இரண்டு தரம் கேட்டேன். மூன்றாவது தரம் கேட்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

பசார் வளைவு. வீதியின் குறுக்கே கழுதைகள் மூன்று. காற்று முதுகில் தள்ளுகிறது. காலால் பிடித்தேன்.

டிக்.

பெடல் கால்வாசிச் சுற்று பின்னால் போனது, எதிலும் படாமல். சக்கரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. செருப்பைத் தாரில் தேய்த்து, ஓரத்து மணலில் விட்டு, விழாமல் நின்றேன். கழுதைகள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் போனது மெதுவாக. நானா எப்படிப் போவார் என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

நேரே ஜவ்பரிடம். எல்லாம் சொன்னேன். சக்கரத்தை வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பகிடி வரவில்லை. அது பயமாக இருந்தது.

"இது முடிஞ்சி. இனி எதப் பூசினாலும் நிக்காது."

"என்ன செய்ற காக்கா?"

"எனக்கு ஏன் சொல்ற? அதுல ஏறுறது நான் இல்லயே. ஏறுறவருக்குச் சொல்லு."


ஜூலை 16, புதன்

குரல் பதிவு, 41 செக்கன். அழித்தேன்.
19 செக்கன். அழித்தேன்.
7 செக்கன். "நானா, அந்த ஹப் இல்லயா" வரை. அனுப்பிவிட்டேன். உடனே அழித்தேன்.

நானா: "என்னத்த அழிச்சீக்க?"

நான்: "ஒண்ணுமில்ல. காத்துச் சத்தம்."

கெம்பஸில் நான்கு வருடம் மொழி படித்திருக்கிறேன். ஏழு செக்கனைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

சொன்னால் என்ன நடக்கும்? ஏச மாட்டார். சிரிப்பார். பேனா மூடி. பிறகு, "பரவாயில்லடா" என்பார். அந்த "பரவாயில்லடா"தான் தாங்காது.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதப் போவதில்லை.


ஜூலை 17, வியாழன்

முன் பிறேக் போட முடிவு. என் ஏ.எல். காலத்துப் பழைய சைக்கிளில் இருந்து கழற்றினேன். ஆனால் நானாவின் முன் போர்க்கில் பிறேக் பூட்ட ஓட்டை இல்லை. வேண்டுமென்றே வைக்காதது. துளைக்க வேண்டும்.

ஜவ்பரிடம் டிரில் இருக்கிறது.

"நான் போட மாட்டேன்," என்றார். "ஒங்கட நானா என்ட கழுத்தப் புடிப்பாரு. வேணும்னா நீ போடு. என்ட கொட்டில்ல நடந்திச்சுன்னு சொல்லாத."

நடுவை அளந்தேன். நாலு தரம். செதில் போன்ற அந்த ஒட்டில் இருந்து இரண்டு விரல் மேலே. பச்சைப் பெயின்ற் சுருள் சுருளாக வந்தது, பிறகு வெள்ளை இரும்பு. மனதில் வாக்கியம் எதுவும் ஓடவில்லை. டிரில், இரும்பு, கை. அவ்வளவுதான்.

ஓட்டை நேராக விழுந்தது. பிறேக் பூட்டினேன். பிடிக்கிறது. இரண்டு விரலே போதும்.

ஆறுதல். அரைநாள் நிலைத்தது. பிறகு யோசனை: காரணம் சொல்லாத பிறேக்கை நானா கழற்றிப் போடுவார். ஐந்து நிமிட வேலை அவருக்கு.

நாளை சொல்ல வேண்டும். வந்த உடனே, பெட்டி இறக்கும் முன்னே.


ஜூலை 18, வெள்ளி

பெட்டி இறங்கியது. வாசல் நிறைய ஆட்கள். சொல்லவில்லை.

நானா மெலிந்திருக்கிறார். முதலில் உம்மா, பிறகு மதினி, பிறகு சைக்கிள். சுற்றி வந்தார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டார். போர்க்கில் வந்து நின்றார். பிறேக்கைப் பார்த்தார். பின்பக்கம் விரலை விட்டு ஓட்டையைத் தொட்டார்.

"இதாரு போட்டது?"

நான் வாய் திறந்தேன். மதினி முந்திவிட்டார்.

"நான்தான் சொன்னேன். தம்பிய ஏசாதீங்க. பிறேக் இல்லாட்டி ஏற விட மாட்டேன்னு நான்தான் நிண்டேன்."

மதினி அப்படிச் சொல்லவே இல்லை. எனக்காகச் சொன்னார். அவருக்காக நான் துளைத்தேன் என்று நினைத்துவிட்டார் போல.

நானா என்னைப் பார்த்தார். "ஓட்ட நேரா விழுந்தீக்கி. கையால அளந்தா போட்ட?"

"ஓம்."

"நல்லா ஈக்கி."

இதுவரை என் கை வேலையை நேரில் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. இன்றைக்குத்தான் அது கிடைக்க வேண்டுமா?

சோறு, வட்டிலப்பம், பகிடி. பாதியில் எழுந்துவிட்டேன். அறையில் இருந்து இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரிக்கிறார்கள்.


ஜூலை 19, சனி

வந்து இறங்கிய உடனே எழுதுகிறேன். எழுத்து ஒழுங்காக வராது.

சுபஹு முடிந்து நான் வரும்போது நானா முற்றத்தில். நேரத்தோடு வந்துவிட்டார். மதில்மேல் பிறேக், கேபிள் சுற்றி, பக்கத்தில் ஸ்பேனர்.

"அவட ஆசைக்கு ஒரு நாள் இருந்திச்சு தானே," என்றார். "போதும்."

மதினி தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில். கச்சான் நன்றாக எழும்பியிருந்தது. முருங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நானா காலைத் தூக்கினார்.

"ஏற வேணாம்."

"என்னடா?"

"வளையத்துட மரை போயிட்டு. போன வெள்ளிக்கிழம. நான் பிழையான பக்கம் அடிச்சேன். பசை பூசினேன். செவ்வாக்கிழம கழண்டிச்சு, கழுதைக்கிட்ட. மதினி பிறேக் கேக்கல்ல. நான்தான் போட்டது."

எட்டு நாள் மனதில் எழுதி எழுதி வைத்திருந்தேன். ஒழுங்கில்லாமல் வந்தது.

நானா காலை இறக்கினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பெருவிரலை வளையத்தில் வைத்துத் தள்ளினார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. பசைத் துகள் உதிர்ந்தது. ஹப்பை வெளிச்சத்துக்குத் திருப்பி, மரை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதினி கோப்பையைத் தரையில் வைத்தார்.

"நேத்து அவ எனக்குப் பொய் சொல்லக்குள்ள நீ அங்கதான் நிண்ட."

"ஓம்."

"பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போன. வவுறு சரியில்லன்னு நெனச்சேன்."

நானா பற்சக்கரத்தைக் கையால் இறுக்கி, வளையத்தைத் திரும்ப வைத்தார், பிடிக்காது என்று தெரிந்தே. மதிலில் இருந்து பிறேக்கை எடுத்து நீட்டினார்.

"பூட்டு."

பூட்டினேன். பக்கத்தில் குந்தி என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"ம். இறுக்கு."

இறுக்கினேன். எழுந்தார். சாறத்தை மடித்துக் கட்டினார்.

"ஏறு."

"நானா..."

"நீ பூட்டின சைக்கிள், நீ ஏறு. ஒன்ட பழசுல நான் பின்னால வாறேன்."

"அதுக்குப் பின் பிறேக் எப்பவோ போயிட்டு, முன் பிறேக்கும் இல்ல."

"அதக் கழட்டினதும் நீதானே."

"ரெண்டு பேருக்கும் விசர்," என்றார் மதினி. ஆனால் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவர் கால் நீளத்துக்குச் செய்த பிரேம். பெடல் கீழே போகும்போது எனக்கு நுனிவிரல்தான் எட்டியது. காற்று முதுகில். கால்கள் என்னைக் கேட்காமல் சுற்றின. நிறுத்த முடியாது, மெதுவாக்கக் கூடாது. பின்னால் என் பழைய சைக்கிளின் செயின் சத்தம், விடாமல்.

பசார் வளைவு. கழுதைகள். அதே இடம். கால் தானாகப் பின்னுக்குப் பிடிக்கப் பார்த்தது.

"காலால புடிக்காத. கை. கை."

இரண்டு விரல். சக்கரம் சீறியது. நின்றேன். கழுதையின் மூச்சு ஹேண்டிலில் பட்டது.

பின்னால் மணலில் செருப்பு இழுபடும் சத்தம். அவரும் நின்றார், எனக்கு ஒரு முழம் பின்னால். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கழுதை வழி விடுகிற எண்ணத்தில் இல்லை.

"கோட்டைக்கு இன்னும் தூரம் ஈக்கி," என்றார். "சுத்திப் போ."