உப்புக்குச் சொன்ன சம்மதம்

திரு வளர்க, செங்கோல் தழைக்க, அடுப்பேறும் கலமெல்லாம் நிறைக. மலை சூழ் கல்லாறை நாட்டின் தலைவர், யானை நடையும் சிங்க நோக்கும் உப்பு விலையில் ஒரு காசும் விட்டுக்கொடாத உறுதியும் வாய்ந்த மாவலங்கோன் அவர்களின் திருமுன்பு, நெய்தலங்கோட்டு அமைச்சர் எட்டிநம்பி வணங்கி எழுதுவித்த ஓலை. பட்டத்தரசிமார் அனைவரும் நலமா? அவர்களுள் மூத்தவர் இச்செய்தி கேட்ட பின்னும் நலமாயிருந்தால் அது தெய்வச் செயல்.

நிகழ்ந்தது இது. நெய்தலங்கோட்டு அரண்மனையின் வலைத்தளம் முன்னாளில் ஒரே கல்லில் குடைந்த கோயில் போன்றது. சுங்கத் துறை ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற விரும்பினாலும் தளம் முழுவதையும் மூடி, எல்லாத் துறையாரையும் கூட்டி, நல்ல நேரம் பார்த்துத் திறக்க வேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ்ப் புளிக்கடையும் பூக்கடையும் தத்தம் போக்கில் திறந்து மூடுவதைக் கண்டு கடைத்தெருவிலே வளர்ந்த எட்டிநம்பி, தளத்தின் முகப்பையும் அவ்வண்ணமே பிரித்துத் துறைக்கொரு பகுதி கொடுத்தார். அவரவர் பகுதியை அவரவர் வலைத்தச்சரே கட்டலாம், இடிக்கலாம், நினைத்தபோது மாற்றலாம். காண்போர் கண்ணுக்கு மட்டும் எல்லாம் ஒரே பக்கமாய்த் தோன்றும். ஒரு பகுதி மற்றொன்றுக்குச் சேதி சொல்ல வேண்டுமாயின், நடுவிலுள்ள பொது முற்றத்தில் ஒரு சொல்லைக் கூவினால் போதும், வேண்டியவர் கேட்டுக்கொள்வர். இந்த ஏற்பாட்டுக்காக அமைச்சர் பொன்னாடையும் பெற்றார்.

அந்த முற்றத்தில்தான் வினை விளைந்தது. தாங்கள் உப்புத் துறையின் பகுதியில் நெடிது பேரம் பேசி, முடிவில் திருவிரலால் ‘சம்மதம்’ என்னும் பொத்தானை அழுத்தினீர்கள். உப்புத் துறை முற்றத்தில் ‘சம்மதம்!’ என்று கூவியது. அதே பக்கத்தின் கீழ்க்கோடியில் இளவரசி செங்காந்தளுக்கு வரன் தேடிக் காத்திருந்த மணவினைத் துறை, எதற்குச் சம்மதம் என்று விசாரியாமலே, தங்கள் பெயருக்கு நிச்சயதாம்பூலம் அனுப்பிவிட்டது.

உப்புத் துறைத் தச்சரை அழைத்துக் கேட்டதற்கு, “எங்க பகுதியில எல்லாம் சரியாத்தான் ஓடுது சாமி” என்றார். மணவினைத் துறைத் தச்சரும் அதையே சொன்னார். இருவர் சொன்னதும் உண்மை என்பதே கொடுமை. இளவரசியாரோ, “நான் என்ன, உப்பு மூட்டைக்கு இலவசமா?” என்று கேட்டருளினார்.

பிழை நேர்ந்ததென்று பணிந்து தெரிவித்தும், “அழுத்தியது அழுத்தியதுதான், பெண்ணைத் தயாராக வையும்” என்று தூதர்வழிச் சொல்லியனுப்பிய தாங்கள், மணக்கோலத்தில் யானைப்படையோடு எல்லையில் கூடாரமடித்திருப்பதாக அறியலாயிற்று.

அமைச்சர் இதனை ஆராய்ந்து, தங்கள் நீதியே நீதி என்று தலைவணங்குகிறார். அழுத்தியது அழுத்தியதுதான். ஆயின் முற்றத்தில் எழுந்த குரலுக்குச் செவி கொடுத்தது மணவினைத் துறை மட்டுமன்று. திறைத் துறையும் கேட்டது. ஆகவே கல்லாறை நாடு இனி ஆண்டுதோறும் நெய்தலங்கோட்டுக்குத் திறை செலுத்தச் சம்மதித்தாயிற்று. கோயில் துறையும் கேட்டது. தேர்த் திருவிழாவில் மொட்டையடித்து அங்கப்பிரதட்சணம் செய்வோர் வரிசையில் தங்கள் திருநாமமே முதலில் நிற்கிறது. யானைக் கொட்டிலும் கேட்டது. அங்கே லத்தி அள்ள ஆள் தேவைப்பட்டிருந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு எல்லைக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஒரே சொல்லில் பிறந்த சம்மதங்களுள் இனித்ததை எடுத்துக் கசந்ததை ஒதுக்குவது கடைத்தெருவில்கூட நடவாது. எடுத்தால் எல்லாம், விட்டால் எல்லாம். விடத் திருவுளமாயின் உப்பு மட்டும் பேசிய விலைக்கே வந்து சேரும். அமைச்சரின் சொந்தப் பொறுப்பில் ஒரு மூட்டை கொசுறு.

இனி, நெய்தலங்கோட்டு வலைத்தச்சர் அனைவர்க்கும் ஆணையாவது: இன்றுமுதல் எத்துறையும் முற்றத்தில் மொட்டையாகச் ‘சம்மதம்’ என்று கூவலாகாது, ‘உப்புக்குச் சம்மதம்’, ‘திறைக்குச் சம்மதம்’ எனத் துறைப்பெயர் சேர்த்தே கூவ வேண்டும். ‘மணத்துக்குச் சம்மதம்’ என்னும் பொத்தான் இளவரசி செங்காந்தளின் விரலுக்கன்றி வேறெவர் விரலுக்கும் அசையாதிருக்கக் கடவது.

இவ்வோலையை இளவரசியார் தாமே வாங்கிப் படித்து, ஒரு சொல்லும் திருத்தாமல், சங்கு முத்திரையைத் தம் கையாலேயே அழுத்தினார்.