மை தொடாத கட்டைவிரல்

14.3.1956, வேடசந்தூர்

இன்று மில்லில் வேலைக்குச் சேர வந்த ஒச்சு, கைநாட்டு வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

"எங்கய்யா தெனமும் ராத்திரி போலீஸ் டேசன்ல ரேகை வச்சாரு. எங்க சாதியில பொறந்ததுதான் குத்தம். எனக்குப் பேர் எழுதத் தெரியும், எழுதுறேன்."

மேனேஜர் சிரித்தார். "திருட்டுச் சாதின்னு வெள்ளைக்காரன் சும்மாவா எழுதி வச்சான்?"

வெள்ளைக்காரனும் போய்விட்டான், சாதியையே குற்றப்பரம்பரை என்று எழுதிய ரேகைச் சட்டமும் போய்விட்டது என்றேன்.

"சட்டம் போனா புத்தி போயிருமா?" என்கிறார், கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு.

ஒச்சு குனிந்து மெதுவாகத் தன் பேரை எழுதினான். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. மேனேஜர் அதன்மேல் கோடு இழுத்துவிட்டு, "நாளைக்கு வா. குமாஸ்தா ரேகை எடுப்பாரு" என்றார்.

குமாஸ்தா நான்தான்.